பரிவும் பரிசோதனையில் சேர்ந்ததுதான்: மேமோகிராம் அறைக்குள் நடப்பவை

மேமோகிராம், அதாவது மார்பகத்தை எடுக்கும் எக்ஸ்ரே, எடுத்துக்கொள்ள அரை மணி நேரம் போதும். மயக்க மருந்து கிடையாது, ஊசி கிடையாது, வெறும் வயிற்றோடு வர வேண்டிய கட்டாயமும் இல்லை. அப்படியிருந்தும் சென்னையில் நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சர்க்கரை பார்த்திருப்பார்கள், பிரஷர் பார்த்திருப்பார்கள், தைராய்டுகூடப் பார்த்திருப்பார்கள். மார்பகப் பரிசோதனை என்றதும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். 2019-21இல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் ஒருமுறையாவது மார்பகப் புற்றுநோய்க்காகப் பரிசோதித்துக்கொண்டவர்கள் இந்திய அளவில் 0.9 சதவீதம்தான். தமிழ்நாட்டில் 5.6 சதவீதம். நாட்டின் சராசரியைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் நூறு பேரில் தொண்ணூற்று நான்கு பேர் அந்தப் பக்கமே போகவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம்.

விழிப்புணர்வு போதாது என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் விழிப்புணர்வு வந்து, தைரியத்தைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்வந்த பெண் ஏன் மறுமுறை போவதில்லை? தன் தங்கையிடமும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் "ரொம்ப வலிக்கும், மரியாதையாவும் நடத்த மாட்டாங்க" என்று ஏன் சொல்கிறார்? இதற்கான பதில் பரிசோதனை அறைக்குள் இருக்கிறது. அங்கே காட்டப்படும் பரிவுக்கும், எடுக்கப்படும் படத்தின் தரத்துக்கும், அந்தப் பெண் திரும்ப வருவாரா மாட்டாரா என்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

சென்னையில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். ஒரு காலத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்தான் முன்னால் இருந்தது. அது படிப்படியாகக் குறைய, இது ஏறிக்கொண்டே போவதை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980களின் தொடக்கத்திலிருந்து பராமரித்துவரும் பதிவேடு காட்டுகிறது. உலக அளவிலான 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஆண்டு மட்டும் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தது. சுமார் 98,000 பேர் அதனால் இறந்தார்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்தக்கூடிய நோய்க்கு இது மிகப் பெரிய எண்ணிக்கை. நம் ஊரில் பலர் மருத்துவரிடம் வந்து சேர்வதே கட்டி பெரிதான பிறகுதான்.

சரி, அந்த அறைக்குள் என்னதான் நடக்கிறது?

மேமோகிராம் இயந்திரத்தில் இரண்டு தட்டுகள் இருக்கும். மார்பகத்தைக் கீழ்த்தட்டில் வைத்து, மேல்தட்டை இறக்கி அழுத்துவார்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு படம், மொத்தம் நான்கு. ஒன்று மேலிருந்து கீழாக, இன்னொன்று சாய்வாக. ஒவ்வொரு முறையும் அழுத்தம் சில நொடிகள்தான். அழுத்துவதற்குக் காரணம் உண்டு. திசு பரந்து மெல்லிசானால், ஒன்றன்மேல் ஒன்று படிந்து கட்டியை மறைக்காது. கதிர்வீச்சு குறைவாகப் போதும். உடம்பு அசைந்து படம் கலங்காது. இந்தக் காரணங்களைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் எத்தனை இடங்களில் சொல்கிறார்கள்? சொல்லாவிட்டால், அந்த வலி தன்மேல் காட்டப்படும் அலட்சியம் என்றுதான் அந்தப் பெண்ணுக்குப் படும். என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே விளக்கிச் சொன்னால் வலி குறைவாக உணரப்படுகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. மாத்திரை போட்டுக்கொண்டு போவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

சாய்வாக எடுக்கும் படத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அக்குளை ஒட்டிய பகுதியும் மார்புத் தசையும் அதில்தான் விழும். மார்பகப் புற்றுநோய் அதிகம் வருவது மார்பகத்தின் மேல்புறத்தில், அக்குள் பக்கமாகத்தான். தோளைத் தளர விட்டால்தான் அந்தத் தசை விட்டுக்கொடுத்து, பின்னால் இருக்கும் திசு தட்டுக்குள் வரும். பயந்துபோய், கூசி, தோளை இறுக்கிக்கொண்டு நிற்கும் பெண்ணிடம் அது நடக்காது. அதட்டி, அவசரப்படுத்தி எடுத்த படத்தில் அந்த மூலை விடுபட்டுப்போகலாம். இல்லாவிட்டால் மறுபடி எடுக்க வேண்டிவரும்: இன்னொரு முறை அழுத்தம், இன்னொரு முறை கதிர்வீச்சு. "தோளை லூஸா விடுங்கம்மா" என்று கத்துவதால் எந்தத் தோளும் தளர்ந்ததில்லை. நம்பிக்கை வந்தால் தானாகத் தளரும்.

பிரான்ஸில் ஆறு மையங்களில் 549 பெண்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. டெக்னீஷியன் மார்பகத்தைச் சரியாக வைத்ததும், மேல்தட்டை இறக்கும் கட்டுப்பாட்டை ஒரு பகுதிப் பெண்களின் கையிலேயே கொடுத்தார்கள். அவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. படத்தின் தரமும் குறையவில்லை. வலிக்கும் என்று பயந்து அவர்கள் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை. தன் உடம்புக்கு நடப்பது தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று தெரிந்தால், வலியைத் தாங்கும் திறனே கூடிவிடுகிறது. நம் ஊர் இயந்திரங்களில் அந்த வசதி இல்லாவிட்டாலும், "தாங்க முடியலன்னா சொல்லுங்க, உடனே நிறுத்திடறேன்" என்று சொல்லும் வசதி எல்லா இடத்திலும் இருக்கிறது.

பெரம்பூரில் இருக்கும் என் சித்தியை மேமோகிராமுக்கு அழைத்துப் போயிருந்தேன். அதற்குச் சில வருடம் முன்பு வேறொரு இடத்தில், கதவு பாதி திறந்திருக்க "மேல எல்லாத்தையும் கழட்டிட்டு நில்லுங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து சித்தி அந்தப் பேச்சையே எடுக்க விடாமல் இருந்தார். இந்த முறை உள்ளே இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. முதலில் கதவைத் தாழ் போட்டார். என்னையும் கூடவே இருக்கச் சொன்னார், படம் எடுக்கும்போது மட்டும் வெளியே நின்றால் போதும் என்றார்.

"பவுடர் போட்டிருக்கீங்களாம்மா?"

"கொஞ்சமாத்தான்."

"பரவால்ல. இந்த ஈரத்துணியால கழுத்துக்குக் கீழயும் அக்குள்லயும் தொடச்சுக்கோங்க. பவுடர் படத்துல வெள்ளைப் புள்ளியாத் தெரியும். அப்புறம் டாக்டருக்குத் தேவையில்லாத சந்தேகம் வரும்."

அடுத்து நகை. சித்தியின் கை தன்னால் தாலிக்கொடிக்குப் போனது. அந்தப் பெண் அதைக் கவனித்துவிட்டார். "அதைக் கழட்ட வேணாம்மா. முதுகுப் பக்கம் தள்ளி டேப் போட்டு ஒட்டிடறேன், படத்துல வராது." ஜாக்கெட்டை மட்டும் கழற்றச் சொன்னார். முந்தானை இருக்கட்டும், எந்தப் பக்கம் எடுக்கிறோமோ அந்தப் பக்கத்தை மட்டும் விலக்கிக்கொள்ளலாம் என்றார். தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் "இப்போ தொடறேன்மா, கை சில்லுனு இருக்கும்" என்றார். நான்கு படமும் ஒரே தடவையில் சரியாக வந்தன. வெளியே வந்ததும் சித்தி கேட்டது, "அடுத்த தடவையும் இந்தப் பொண்ணே இருக்குமா?"

ஈரத்துணி, டேப், ஒரு தாழ்ப்பாள். இவற்றுக்கு எந்த மருத்துவமனையும் பட்ஜெட் போட வேண்டியதில்லை. தாலியைக் கழற்றச் சொன்னதும் பரிசோதனையே வேண்டாம் என்று திரும்பிப்போகிற பெண்கள் இருக்கிறார்கள். அதை மூடநம்பிக்கை என்று எள்ளுவது எளிது. ஆனால் படம் எடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், அதற்கு வழி தேடுவதுதான் தொழில் தெரிந்தவரின் வேலை.

அறையில் இருப்பது ஆணா பெண்ணா என்பது அடுத்த விஷயம். இதில் சென்னைக்குப் பழைய அனுபவம் உண்டு. ஆண் மருத்துவர் தொட்டுப் பார்ப்பதைவிடச் சாவதே மேல் என்று வீட்டுக்குள்ளேயே கிடந்த பெண்களைப் பார்த்த ஆங்கிலேயப் பெண்மணி மேரி ஷார்லீப், 1875இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவர். பிறகு லண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பி வந்து, 1885இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். திருவல்லிக்கேணியில் இன்றைக்கும் மக்கள் வாயில் 'கோஷா ஆஸ்பத்திரி' (கோஷா என்றால் பிற ஆண்கள் கண்ணில் படாமல் திரைமறைவில் இருப்பது) என்றே வழங்கும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனைதான் அது. அந்தப் பெண்களின் கூச்சத்தைத் திருத்தப்போவதாக அவர் கிளம்பவில்லை. அந்தக் கூச்சத்துக்கு இடம் கொடுத்து மருத்துவமனையைக் கட்டினார். நோயாளிகள் வந்தார்கள். ஏறத்தாழ நூற்று நாற்பது வருடம் கழித்து, சில ஸ்கேன் சென்டர்களில் "லேடி டெக்னீஷியன் இன்னைக்கு லீவு, பரவால்லையா?" என்று கவுன்ட்டரில் சத்தமாகக் கேட்கிறார்கள். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு பெண் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? பிரிட்டனின் அரசு மார்பகப் பரிசோதனைத் திட்டத்தில் மேமோகிராம் எடுப்பவர்கள் பெண்கள்தான். இங்கேயும் அது சாத்தியமே. ஆண் டெக்னீஷியன்கள் எல்லாரும் கண்ணியமற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. பெண் டெக்னீஷியன் இருக்கும் நாளுக்கு அப்பாயின்ட்மென்ட்டை மாற்றித் தருவது சின்ன வேலை, அதைச் செய்யலாம் என்கிறேன்.

திருநங்கைகளையும் இங்கே மறக்கக் கூடாது. பல வருடம் ஹார்மோன் எடுத்துக்கொள்ளும் திருநங்கைகளுக்கும் மார்பகப் பரிசோதனை தேவைப்படும். பெயரைக் கூப்பிடும் விதத்திலேயே அவர்களைத் திருப்பி அனுப்பிவிட முடியும், அனுப்பியும்விடுகிறோம்.

மேமோகிராம் என்றாலே தனியார் மருத்துவமனை நினைவுக்கு வரும். ஆனால் சென்னையின் பெரும்பாலான பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை என்பது நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் கையால் தொட்டுப் பார்ப்பதுதான். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அங்கே இது இலவசம். கையால் பார்ப்பதில் என்ன தெரிந்துவிடப்போகிறது என்று நினைக்க வேண்டாம். மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை, ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து இருபது வருடம் நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததில், நோய் முன்னதாகவே பிடிபட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களில் மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அந்தத் திட்டமே நான்கு சுற்றுகளாக நடந்தது என்பதைக் கவனியுங்கள். முதல் சுற்றில் அவமானப்பட்ட பெண் இரண்டாவது சுற்றுக்கு வரமாட்டார். முழுப் பலனும் அவர் திரும்ப வருவதில்தான் இருக்கிறது.

கண்ணகி நகரிலிருந்தோ பெரும்பாக்கத்திலிருந்தோ விடிகாலையில் பஸ் ஏறி, அடையாறிலும் பெசன்ட் நகரிலும் வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு, பரிசோதனைக்கு வருவது என்றால் அரை நாள் சம்பளம். "ஏம்மா, டோக்கன் எடுத்தியா, அப்படி ஓரமா நில்லு" என்று வரவேற்று, இரண்டு மணி நேரம் நிற்கவைத்து, திரைச்சீலை சரியாக மூடாத இடத்தில் அவசரமாகப் பார்த்து அனுப்பினால், அவருக்கு மிஞ்சுவது இழந்த சம்பளமும் கூச்சமும்தான். அவர் வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில் வாரத்தில் ஒரு நாளாவது பரிசோதனையை வைப்பதும் பரிவுதான். ஒருவேளை இன்முகத்தைவிடப் பெரிய பரிவு.

படிவம் நிரப்பும்போது கேட்கும் கேள்விகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை எத்தனை, முதல் குழந்தை எந்த வயதில், தாய்ப்பால் கொடுத்தீர்களா, மாதவிடாய் எப்போது நின்றது. எல்லாமே மருத்துவக் காரணம் உள்ள கேள்விகள். நோய் வரும் வாய்ப்பைக் கணிக்க இவை வேண்டும். ஆனால் நம் சமூகத்தில் ஒரு பெண்ணின் மனதைக் கீறுகிற கேள்விகளும் இவையே. குழந்தை இல்லாதவரிடம், கல்யாணம் ஆகாதவரிடம், நாலு பேர் காதில் விழும்படி கவுன்ட்டரில் இதைக் கேட்பது கொடுமை. "குழந்தை பெத்திருந்தா இந்தப் பிரச்சினை வந்திருக்காது" என்று ஆறுதல்போல் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது மருத்துவமும் ஆகாது, ஆறுதலும் ஆகாது. ஐந்து பிள்ளை பெற்றுப் பால் கொடுத்த தாய்மாருக்கும் இந்த நோய் வருகிறது. கதவைச் சாத்திவிட்டு, "இதெல்லாம் எதுக்குக் கேக்கறேன்னா" என்று தொடங்கிக் கேட்டால், அவர் உண்மையான பதிலைச் சொல்வார். அக்காவுக்கோ அத்தைக்கோ இதே நோய் வந்து வீட்டில் மறைத்ததைக்கூட அப்போதுதான் சொல்வார். அந்த ஒரு தகவல் அவருடைய சிகிச்சைப் பாதையையே மாற்றக்கூடும்.

எல்லாவற்றிலும் கடினமான கட்டம் ரிப்போர்ட். மேமோகிராம் ரிப்போர்ட்டின் கடைசியில் 'பைராட்ஸ்' என்று போட்டு 0 முதல் 6 வரை ஓர் எண் இருக்கும். 0 என்றால் நோய் என்று அர்த்தம் கிடையாது. இந்தப் படத்தை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை, அல்ட்ராசவுண்டோ கூடுதல் படமோ வேண்டும் என்று அர்த்தம். நம் ஊர்ப் பெண்களுக்கு, முக்கியமாக இளவயதினருக்கு, மார்பகத் திசு அடர்த்தியாக இருந்தால் இப்படி வருவது சகஜம். பிரிட்டனில் பரிசோதனைக்கு வரும் நூறு பேரில் சுமார் நான்கு பேரைத் திரும்ப அழைக்கிறார்கள். அப்படி அழைக்கப்படுபவர்களிலும் சுமார் நான்கில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கிறது. இந்தக் கணக்கைப் படம் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டால், திரும்ப அழைக்கும்போது தலையில் இடி விழுந்ததுபோல் இருக்காது.

இங்கே என்ன நடக்கிறது? சனிக்கிழமை சாயங்காலம் கவரை ஒட்டிக் கையில் கொடுத்து, "டாக்டரைத் திங்கட்கிழமை பாருங்க" என்கிறார்கள். ஆட்டோவில் ஏறியதும் கவர் பிரிந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமையை அந்த வீடு எப்படிக் கழிக்கும்? ரிப்போர்ட்டில் சந்தேகம் இருந்தால், விளக்கிச் சொல்ல ஒருவர் இருக்கும் நேரத்தில்தான் அதைக் கொடுக்க வேண்டும். அதற்கு வழியில்லை என்றால், ஒரு போன் செய்து "இன்னொரு படம் எடுக்கச் சொல்லியிருக்காங்க, இது நிறைய பேருக்கு வர்றதுதான், செவ்வாய்க்கிழமை காலையில வாங்க, நேரம் போட்டு வெச்சுட்டேன்" என்று சொன்னால் போதும். தேதியும் நேரமும் குறித்துக் கொடுப்பது முக்கியம். பயந்துபோன மனம் தானாகப் போய் அப்பாயின்ட்மென்ட் வாங்காது.

இன்னொரு வழக்கமும் நம் ஊரில் ஊறிக்கிடக்கிறது. ரிப்போர்ட்டில் ஏதாவது இருந்தால் கணவரையோ மகனையோ மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசுவது. "அம்மாகிட்டச் சொல்லாதீங்க, தாங்க மாட்டாங்க" என்று வீட்டாரே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது. அன்பினால்தான் செய்கிறார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவுக்கு, கதவு சாத்தப்பட்டதுமே பாதி விஷயம் புரிந்துவிடுகிறது. மீதியைக் கற்பனை செய்துகொள்கிறார், அந்தக் கற்பனை பெரும்பாலும் உண்மையைவிடப் பயங்கரமானது. உடம்பு அவருடையது, ரிப்போர்ட்டும் அவருடையது. முதலில் அவரிடம் சொல்ல வேண்டும், யார் கூட இருக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும். இதை எந்தச் சமரசமும் இல்லாமல் சொல்கிறேன்.

இத்தனையையும் டெக்னீஷியன் தலையிலும் நர்ஸ் தலையிலும் கட்டிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. வரிசையாக ஆட்களை உள்ளே அனுப்பிக்கொண்டே இருந்தால் ஏழாவது ஆளிடம் யாருக்கும் பொறுமை மிஞ்சாது. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் எத்தனை நிமிடம் என்பதைத் தீர்மானிப்பது நிர்வாகம். தள்ளுபடி பேக்கேஜ் அறிவித்துக் கூட்டத்தைச் சேர்க்கிற மையங்கள், அந்த மாதம் ஆட்களையும் கூட்டுகின்றனவா என்று கேட்க வேண்டும். பரிவாக நடந்துகொள்ளச் சொல்லிச் சுவரில் ஒட்டுவது எளிது. அதற்கு வேண்டிய ஐந்து நிமிடத்தை அட்டவணையில் கொடுத்தால்தான் அது அறைக்குள் வந்து சேரும்.

பரிசோதனைக்குப் போகப்போகிறவர்களுக்குச் சில விஷயம். மாதவிடாய் நிற்காதவர்கள், மாதவிடாய் முடிந்த வாரத்தில் நேரம் வாங்கினால் வலி குறைவாக இருக்கும். பவுடரும் வாசனைத் திரவியமும் அன்றைக்கு வேண்டாம். புடவையோ சுடிதாரோ, மேலாடையை மட்டும் கழற்றும் வசதி உள்ளதாக உடுத்திப் போங்கள். போன் செய்யும்போதே "லேடி டெக்னீஷியன் இருப்பாங்களா, கூட ஒருத்தர் இருக்கலாமா, ரிப்போர்ட்டை யார் விளக்குவாங்க" என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம். கட்டி கைக்குத் தட்டுப்பட்டிருந்தால், மேமோகிராம் நார்மல் என்று வந்தாலும் அதோடு விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். பழைய மேமோகிராம் படங்கள் இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள். இப்போது தெரிகிற நிழல் போன தடவையும் அதே அளவில் அங்கேயே இருந்தது என்று தெரிந்தால், திரும்ப அழைக்க வேண்டிய தேவையே பலருக்கு வராது.